பொட்டலத் தாளில் போகும் ஊர் வரலாறு

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் எழுவன கோட்டைகளும் கொத்தளங்களும், கல்வெட்டுகளும் செப்பேடுகளுமே ஆகும். மன்னர் தம் கொடையையும் கொற்றத்தையும் கல்லில் வெட்டிவைத்தனர். ஆதலால் அவை நின்றன. ஆனால், ஊரில் சந்தை கூடியதும், படகுத்துறை அமைந்ததும், முதற் பள்ளிக்கூடம் எழுந்ததும், கொள்ளைநோய் வந்து தெருத்தெருவாகக் கொண்டுபோனதும், பிழைப்புத் தேடி இளைஞர் கப்பலேறியதும் எந்தக் கல்லிலும் வெட்டப்படவில்லை. நம் சிறு நகரங்கள் தம் கதையைத் தாளில்தான் எழுதிவைத்தன. நாளிதழின் உட்பக்கத்து மூலையில் நான்கு வரியாகவும், ஸ்டுடியோவின் பெயர் பொறித்த அட்டையில் ஒட்டிய நிழற்படமாகவும் அக்கதை கிடக்கிறது.

கல்லுக்கு ஆயிரம் ஆண்டு ஆயுள். தாளுக்கோ நாம் கொடுக்கும் ஆயுளே ஆயுள். அதனை நாம் கொடுக்கின்றோமா என்பதே கேள்வி. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதும், பாகம் பிரிக்கும்போதும், முன்னோர் கட்டிய வீட்டை இடித்து மாடி எழுப்பும்போதும் பரணிலிருந்து இறங்கும் தாள் கட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. அங்கே அவற்றை எடை போட்டு வாங்குகின்றனர். பின்னர் மளிகைக் கடையிலே கடுகும் சீரகமும் மடிக்கும் பொட்டலமாகி, அடுப்பங்கரையில் முடிந்துபோகின்றன. ஓர் ஊரின் பழைய இதழ்களையும் நிழற்படங்களையும் திரட்டிக் காப்பது அவ்வூர்க் கல்லூரியின் கடமை, அதிலும் சிறப்பாகத் தமிழ்த் துறையின் கடமை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

நான்கு வரிச் செய்தியின் பெருமை

நாளிதழின் முதற்பக்கம் நாட்டுக்கு உரியது. அது பல இடங்களில் பாதுகாக்கப்படும். உட்பக்கமே ஊருக்கு உரியது. ஊர் நிருபர் அனுப்பிய சிறு செய்தி, நகராட்சியின் ஏல அறிவிப்பு, நாடகக் கொட்டகை விளம்பரம், கப்பல் புறப்படும் நாள், நெல் விலை, ஜவுளிக் கடைத் திறப்பு, இரங்கற் செய்தி ஆகிய இவற்றை அன்று படித்தவர் அன்றே மறந்தனர். ஐம்பது ஆண்டு கழித்துப் படிப்பவர்க்கோ அவையே கருவூலம். எந்தத் தெருவில் முதன்முதல் மின்விளக்கு எரிந்தது, எந்த ஆண்டில் குடிநீருக்குத் தவித்தனர், எந்தக் கடை எவர் கையில் இருந்தது என்பனவற்றை எந்தப் பேரரசு வரலாற்று நூலும் நமக்குச் சொல்லப்போவதில்லை.

செய்தித்தாள் என்பது அக்காலத்தில் ஓர் ஊருக்கு எத்துணை அரியதாக இருந்தது என்பதற்கு இராமேசுவரத்தையே சான்றாகக் காட்டலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவ்வூர் நிலையத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. அதனால் நாளிதழ்க் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வெளியே எறிந்தனர். அவற்றைப் பொறுக்கிச் சேர்க்கும் பணியில் தம் உறவினர் சம்சுதீனுக்குத் துணைநின்ற சிறுவர்தான், பிற்காலத்தில் இந்தியக் குடியரசின் தலைவரான ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். அதுவே தாம் பெற்ற முதற் கூலி என்று தம் தன்வரலாற்றில் அவர் நினைவுகூர்ந்துள்ளார். படிக்கத் தெரியாத பருவத்தில் தினமணியின் படங்களைப் பார்த்துக்கொள்வாராம். அப்படி வந்து இறங்கிய கட்டுகளுள் எத்தனை தாள்கள் இன்று அத்தீவில் எஞ்சியிருக்கும்? இக்கேள்வியை நம் ஒவ்வோர் ஊரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தனுஷ்கோடி தரும் பாடம்

அதே தீவின் தென்கிழக்கு முனையில் தனுஷ்கோடி என்றோர் ஊர் இருந்தது. 1914 பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர், சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயில் தனுஷ்கோடி வரை ஓடிற்று. அங்கிருந்து நீராவிக் கப்பல் தலைமன்னாருக்கும், மீண்டும் ரயில் கொழும்புக்கும் மக்களைக் கொண்டுசென்றன. ரயில் நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சலகம், பள்ளிக்கூடம், கோயில், மாதா கோயில் என எல்லாம் அமைந்த துறைமுகப் பட்டினம் அது. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிக் குடும்பங்களும், கொழும்பில் கடை வைத்திருந்த நம் சபராளிகளும், தீர்த்தமாட வந்த வடநாட்டு யாத்திரிகரும் அவ்வூர் மணலை மிதித்தே சென்றனர்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அடித்த புயலும் பொங்கிய கடலும் அப்பட்டினத்தை ஒரே இரவில் விழுங்கின. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களோடு அழிந்தது. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பிறகு சுற்றுலாப் பயணிகள் வண்டி வண்டியாகச் சென்று இடிந்த மாதா கோயிலின் முன்னின்று படமெடுத்துக்கொள்கின்றனர். அந்தக் கோயிலில் எவர் திருமணம் நடந்தது, அந்தத் தெருவில் எவர் கடை இருந்தது என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை. மண்ணில் சில சுவர்கள் நிற்கின்றன. மக்களோடு கூடிய தனுஷ்கோடி பழைய நாளிதழ்களிலும், இரு கரையிலும் சிதறிக் கிடக்கும் வீட்டுப் படங்களிலும் மட்டுமே இருக்கக்கூடும்.

இவ்விடத்தில் ஆவணத்தின் தேவையை உணர்த்தும் ஒன்றைச் சுட்ட விரும்புகின்றேன். 'பாம்பன் பாலத்தின்மேல் சென்ற ரயில் கடலில் விழுந்தது' என்று இன்றும் பலர் சொல்கின்றனர், அச்சிலும் எழுதுகின்றனர். அந்த ரயிலோ பாம்பனைவிட்டுப் புறப்பட்டுத் தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்தபோது அலையில் சிக்கியது. அதே புயலில் பாலமும் சிதைந்தது உண்மை. அதன் பெரும்பாலான கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன; கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதி தப்பிற்று; இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாள்களில் பாலம் மீண்டும் செப்பனிடப்பட்டது. இரு வேறு அழிவுகளை மக்கள் நினைவு ஒன்றாகப் பின்னிவிட்டது. நினைவின் இயல்பு அது. நாளும் இடமும் பொறித்த தாள் கையில் இருந்தால்தான் நினைவைத் திருத்த இயலும்.

இன்னொன்றும் காண்க. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இலங்கையின் மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாயிற்று. அவர்கள் காலங்காலமாகச் சென்றுவந்த துறை, அதற்குப் பின் இரண்டு மாதங்கள் நிறைவதற்குள் கடலில் மறைந்தது. பின்னாளில் தாயகம் திரும்பியோர் இராமேசுவரத்தில் வந்திறங்கி மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டனர். உடன்படிக்கையைப் பற்றி எழுதுவோர் புயலைப் பேசுவதில்லை. புயலைப் பற்றி எழுதுவோர் உடன்படிக்கையைப் பேசுவதில்லை. அந்த ஆண்டின் கடைசி மூன்று மாத நாளிதழ்களை ஒரே கட்டாக வைத்துப் புரட்டும் மாணவர்க்கோ இரண்டும் அடுத்தடுத்து வந்து நிற்கும். பழைய இதழ்க் கோப்பின் பயன் இதுதான். நாம் தேடிப் போனதை மட்டுமன்றித் தேடாததையும் அது காட்டும். அப்புயல் இலங்கையையும் தாக்கியது. ஆதலால் கொழும்பின் வீரகேசரியையும் நம் நாளிதழ்களையும் ஒப்புநோக்கினால் ஒரே இரவின் இரு கரைச் செய்தியும் கிடைக்கும்.

தப்பிப் பிழைத்த இதழ்கள்

இதழியலில் தமிழ் முஸ்லிம்களின் பங்கு பெரிது. கண்டியில் அறிஞர் சித்திலெவ்வை 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கினார். சிங்கப்பூரில் மகதூம் சாயபு 1887இல் சிங்கை நேசனைத் தொடங்கினார். தமிழகத்தில் பா. தாவூத்ஷா தாருல் இஸ்லாம் நடத்தினார். இவற்றுள் சிங்கை நேசனின் இதழ்கள் தப்பிப் பிழைத்தமையால் 19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் நம்மவர் என்ன வணிகம் செய்தனர், எதைப் பற்றி வாதிட்டனர் என்பதை ஆய்வாளர் அறிய முடிகிறது. அதற்கு முன் அங்கே தோன்றியதாகக் கூறப்படும் சிங்கை வர்த்தமானி போன்றவை நமக்குப் பெயரளவிலேயே நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு எழுத்தின் தரத்தில் இல்லை. ஒன்றை எவரோ கட்டி வைத்தார். மற்றொன்றை எவரும் வைக்கவில்லை.

தாளைக் காக்க அரசு இருக்கிறதே என்று சிலர் கூறக்கூடும். இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 1956ஆம் ஆண்டுத் திருத்தமும் நூல்களோடு செய்தித்தாள்களும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு வந்துசேர வழிசெய்தன. ஆங்கில ஆட்சியாளர் அன்றைய தமிழ் இதழ்களின் செய்திகளைச் சுருக்கி ஆங்கிலத்தில் எழுதிவைத்த அறிக்கைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மூல இதழ் அழிந்துபோன இடத்தில் அச்சுருக்கமே நமக்குக் கைவிளக்கு. ஆட்சிக்கு எதிராக எவர் என்ன எழுதுகின்றனர் என்று வேவு பார்க்க எழுதியவர்கள் தம்மையறியாமல் நமக்கு ஆவணம் சேர்த்துத் தந்தனர்! ஆயினும், ஊர்ச் சங்கத்தின் ஆண்டறிக்கையும், பள்ளி வெள்ளிவிழா மலரும், வாசகசாலையின் கையெழுத்து ஏடும், தேர்தல் துண்டறிக்கையும் எந்தத் தலைநகர் நூலகத்திலும் தேடிக் கிடைப்பது அரிது. அவற்றை ஊரேதான் காக்க வேண்டும்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஜூன் முதல் நாள் இரவில் எரிந்து கிடந்ததைத் தமிழுலகம் மறக்காது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு கிடைத்தற்கரிய பழைய இதழ்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்த இழப்பைக் கண்ட ஈழத்தவர் 2005 முதல் 'நூலகம்' என்னும் மின்னூலகம் அமைத்து, கிடைத்த இதழையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்துவருகின்றனர். அங்கே பகை எரித்தது. இங்கே பகைவர் எவருமிலர். நாமே எடைக்குப் போடுகின்றோம்.

கோட்டையூர் காட்டிய வழி

பொருளில்லை, இடமில்லை, ஆளில்லை என்பார்க்குக் கோட்டையூரை நினைவூட்டலாம். காரைக்குடிக்கு அருகிலுள்ள அச்சிற்றூரில் வாழ்ந்தவர் ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். நூல்களோடு நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், நாளிதழ்த் துணுக்கு என்று மற்றவர் குப்பை என்று ஒதுக்கியதையும் விலை கொடுத்து வாங்கிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது அவ்வீட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. அவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, நாட்டைவிட்டு எடுத்துச் செல்லாமல் சென்னையிலேயே 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைய வழிசெய்தது. இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதுவோர் எவரும் அதன் படியேறாமல் எழுதுவதில்லை எனலாம். ஒரு தனிமனிதர் ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு செய்தது இது. நூறு ஆசிரியரும் ஆயிரம் மாணவரும் உள்ள கல்லூரியால் ஓர் ஊருக்கு மட்டுமாவது இதைச் செய்ய இயலாதா?

படம் பேச வேண்டுமானால்

நிழற்படத்தின் நிலை நாளிதழினும் இரங்கத்தக்கது. நாளிதழில் தேதியாவது இருக்கும். படத்தின் பின்புறம் பெரும்பாலும் வெறுமையே. படத்திலிருப்போரை அடையாளம் சொல்லும் கடைசி முதியவர் மறைந்த அன்றே அப்படம் ஊமையாகிவிடுகிறது. பழைய ஸ்டுடியோக்களில் பெட்டி பெட்டியாக இருந்த கண்ணாடி நெகட்டிவ்களும் கடை மூடப்படும்போது கேட்பாரற்றுப் போகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், பிரித்தானிய நூலகத்தின் நிதியுதவியோடு தமிழகத்துப் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிச் சென்று மின்னுருவாக்கம் செய்தனர். அயலார் அருமை உணர்ந்து வரும்போது, ஸ்டுடியோவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் நாம் எட்டிப் பார்க்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

இப்போதுதான் வாட்ஸ்அப்பில் எல்லாப் பழைய படமும் வருகிறதே என்பது இளைஞர் வாதம். வருகிறது, ஆனால் ஊரும் பேரும் மாறி வருகிறது. ஓர் ஊரின் கடைத்தெரு மற்றோர் ஊரின் கடைத்தெருவாகிறது. வேறொரு புயலின் படம் தனுஷ்கோடி என்று பெயர் பெறுகிறது. எவர் எடுத்தது, எவர் வீட்டுப் படம், எந்த ஆண்டு என்னும் மூன்றும் இல்லாத படம் வரலாற்றுக்கு உதவாது. சில வேளை வரலாற்றைக் கெடுக்கவும் செய்யும்.

நம் ஊர்களில் மற்றொரு நுட்பமான சிக்கலும் உண்டு. படமெடுத்துக்கொள்வதை விரும்பாத பெரியோர் பலர் இருந்தனர். வீட்டுப் பெண்களின் படத்தைப் பிறர் பார்ப்பதை விரும்பாத குடும்பங்கள் இன்றும் உள்ளன. அவ்வுணர்வை மதிக்காமல் 'வரலாறு' என்ற பெயரால் எவர் வீட்டுப் பெட்டியையும் திறக்க நமக்கு உரிமையில்லை. மூலப்படம் உரியவரிடமே இருக்கட்டும். படி மட்டும் எடுத்துக்கொள்வோம். வெளியிட வேண்டாம் என்பதை வெளியிடாமல் காப்போம். படமே இல்லாத வீட்டிலும் ஆவணம் இல்லாமற் போகாது. ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த கடிதம், கப்பல் சீட்டு, கடைக் கணக்கு, திருமண அழைப்பிதழ் ஆகியவை டிரங்குப் பெட்டியில் இருக்கும். முகம் தெரியாத பாட்டியின் கையெழுத்து, படத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

தமிழ்த் துறைக்கு என்ன வேலை?

இது வரலாற்றுத் துறையின் வேலையன்றோ என்று கேட்பவர் உண்டு. ஏட்டுச்சுவடியைக் கரையானிடமிருந்து மீட்டது தமிழறிஞரின் வேலையாக இருந்தது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்றதால்தான் இன்று நாம் சங்க இலக்கியம் பயிற்றுகின்றோம். சுவடி தேடிய மரபின் இன்றைய தொடர்ச்சிதான் தாள் தேடுவது. மேலும், 'நோட்டீசு'த் தமிழும், இரங்கற்பாவும், வாழ்த்து மடலும், ஊர் நிருபரின் நடையும் மொழி ஆய்வுக்குரிய பொருள்களே. எடுத்த தலைப்பையே மீண்டும் மீண்டும் எடுக்கும் முதுகலை ஆய்வேடுகளுக்கு இவற்றைவிடப் புதிய களம் வேறெது?

தொடங்குவதற்கு மாளிகை தேவையில்லை. ஈரமும் வெயிலும் படாத ஓர் அறை, இரும்பு அலமாரி, ஒரு பதிவேடு, படி எடுக்கும் ஸ்கேனர் ஆகியன போதும். முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் எந்த வீட்டில் என்ன தாள் உள்ளது என்று பட்டியல் எடுக்கட்டும். இரண்டாமாண்டு மாணவர் இரவல் வாங்கிப் படி எடுத்துத் திருப்பிக் கொடுக்கட்டும். முதியவர்களை அழைத்துப் படங்களை முன்வைத்து, இவர் யார், இவ்விடம் எது என்று கேட்டு எழுதுவது மற்றவற்றினும் அவசரமானது. தாள் ஓராண்டு காத்திருக்கும். தொண்ணூறு வயதுப் பெரியவர் காத்திருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

காக்கும் முறையிலும் கருத்து வேண்டும். செய்தித்தாள் மலிவான மரக்கூழால் ஆனது. அதிலுள்ள லிக்னின் காற்றும் ஒளியும் பட்டு அமிலமாகி, தாளைப் பழுப்பாக்கி நொறுக்கும். எனவே மடிப்பின்றிக் கிடையாக வைத்து, ஒளி படாமல் மூடவேண்டும். கிழிசலுக்குப் பசைநாடா ஒட்டுவதும், அன்பு மிகுதியால் லேமினேஷன் செய்வதும் தாளைக் கொல்லும் செயல்கள். படத்தின் பின்புறம் பேனாவால் எழுதலாகாது. மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதலாம். மின்படியை ஒரே கணினியில் வைத்திருப்பதும் பாதுகாப்பன்று. வேறோர் ஊரிலும் ஒரு படி இருத்தல் வேண்டும். தனுஷ்கோடி நமக்குச் சொல்வதும் அதுவே.

எல்லாவற்றினும் தேவையானது நேர்மை. ஊர் வரலாறு என்ற பெயரில் நம் குடும்பத்தின் பெருமையை மட்டும், நம் தெருவின் கொடையை மட்டும், நம் சமுதாயத்தின் சிறப்பை மட்டும் பொறுக்கி வைப்போமானால் அது வரலாறாகாது, வாழ்த்துப் பத்திரமாகும். ஊரில் நடந்த சண்டையும், தோற்றுப்போன வணிகமும், பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்பிள்ளைகளின் கதையும், சுமை தூக்கியவரின் பெயரும் அந்த அலமாரியில் இடம்பெற வேண்டும். கொடுத்தவர் எவராயினும் அவர் தாளைக் குறைக்காமலும் கூட்டாமலும் பதிவு செய்யும் துணிவு பொறுப்பாளர்க்கு வேண்டும். இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எந்த வீட்டுப் பெட்டியும் நமக்குத் திறக்காது.

பெரியோர்களே! உங்கள் வீட்டுப் பரணைக் காலி செய்யுமுன் கல்லூரிக்கு ஒரு சொல் அனுப்புங்கள். மாணவர்களே! உங்கள் பாட்டனார் உயிரோடிருக்கையில் பழைய படத்தை எடுத்துக்கொண்டு அவர் அருகில் ஒரு மாலை அமருங்கள். ஆசிரியப் பெருமக்களே! இவ்வாண்டே ஒரு பதிவேட்டைத் திறந்து முதல் எண்ணை இடுங்கள். கடல் கொண்ட பட்டினங்களைப் பற்றிக் காப்பியம் படித்து வருந்தும் நாம், கண்முன் கரையும் பட்டினத்தைக் காக்கத் தவறினோம் என்ற பழி நமக்கு வேண்டாம்.